பாட்டு மெதுவாகும் இடம்

இந்தப் பக்கம் வந்து இருங்கள் அண்ணை. அந்தக் கதிரை கதவுக்கு நேரே இருக்கிறது. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் உங்கள் பெயரைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று நெஞ்சு ஒருமுறை நின்று போகும். காலையில் அதில் இருந்து பார்த்துவிட்டுத்தான் நான் இங்கே மாறினேன். இங்கே இருந்தால் கதவு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். சத்தமும் பயம்தான். ஆனால் பார்த்துப் பயப்படுவதைவிட இது கொஞ்சம் பரவாயில்லை.

தமிழ்தானே? நீங்கள் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மன்னாரா? நான் மானிப்பாய். பெயர் தவயோகன். உங்களுக்கு இது முதல் தடவையா? எனக்கு மேன்முறையீடு. அகதியாக ஏற்கக் கேட்டதற்கு முதலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் இல்லை என்றால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். கொழும்பில் இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னுடைய லோயர் அம்மா ரெலிபோன் எடுக்கப் போயிருக்கிறார். எனக்குச் சாட்சி சொல்ல வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கீழே தேத்தண்ணி வாங்கப் போயிருக்கிறார். ரோய் என்று பெயர். உயரமான கிழவர், நீலக் கோட்டு. அவர் வருவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் வில்ஃப் கரிட்டி என்ற பெயர் காதில் விழுந்தால் என்ன சொன்னாய், என்ன சொன்னாய் என்று கேட்பார். அதனால் அவர் வந்ததும் நான் கதையை நிறுத்திவிடுவேன். நீங்கள் பிழையாக நினைக்கக் கூடாது.

முதலில் ஒன்று. உள்ளே உங்களை விசாரிக்கிற ஆள் சிரித்தால் நீங்கள் சிரிக்காதீர்கள். முதல் தடவை என்னை விசாரித்த ஆள் சிரித்தார் அண்ணை. சிரித்தபடியால்தான் நான் கதைத்தேன்.

நல்ல மனிதர். தண்ணீர் தந்தார். அடி வாங்கிய இடங்களைக் கேட்டபோது முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு எழுதினார். எல்லாம் முடிகிற நேரத்தில், ஏன் இந்த நாட்டுக்கு வந்தாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து விட்டான் என்று மட்டும் சொல்லு, வேறு வாய் திறக்காதே என்று எங்கள் அறையில் இருந்த பெடியன்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் வில்ஃப் கரிட்டி இருக்கிற நாடு என்று சொன்னேன்.

உங்களுக்கு யாரென்று தெரியாது, பரவாயில்லை. இந்த நாட்டுக் கிழவர். புளூஸ் என்று ஒரு பாட்டு வகை இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பு மனிதர்கள் பாடியது. அதை இங்கே நிலக்கரி சுமந்த பெடியன்கள் சிலர் அந்தக் காலத்தில் எடுத்துப் பாடினார்கள். அவர்களில் ஒருவர். ‘வெட் கோல்’ என்று ஒரு இசைத்தட்டுப் போட்டார். நனைந்த கரி.

அந்தப் பெயரைக் கேட்டதும் விசாரித்தவர் பேனையைக் கீழே வைத்தார். தன்னுடைய தகப்பன் அந்த இசைத்தட்டைப் போட்டுப் போட்டுத் தேய்த்தவர் என்றார். எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டார். சொன்னேன். ஒரு வரி முணுமுணுத்தும் காட்டினார். எனக்கு அந்த அறையே வெளித்துப்போனது. இந்த நாட்டில் எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். எப்போது கேட்பாய் என்றார். தொண்ணூறு தொடக்கம் தொண்ணூற்றைந்து வரை, எங்கள் வீட்டில், ஒவ்வொரு பின்னேரமும் என்றேன். பேனையை எடுத்து எழுதினார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அண்ணை, அந்த ஐந்து வருஷமும் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து விற்றது என்று சொல்லியிருந்தேன். அதையும் அவர் எழுதியிருந்தார்.

பதில் வந்தது. கரண்டும் பற்றரியும் இல்லாத இடத்தில் ஒருவர் ஒவ்வொரு பின்னேரமும் பாட்டுக் கேட்க முடியாது. ஆகவே இவர் அந்த இடத்தில் இருக்கவில்லை. பெரும்பாலும் கொழும்பில் இருந்திருக்கிறார். கொழும்பில் இருந்தவர் கொழும்புக்குத் திரும்பிப் போகலாம். வாசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப வாசித்தபோது, நான் கொழும்பில்தான் இருந்தேனோ என்று எனக்கே ஒரு பயம் வந்தது.

டைனமோவா? ஓம், டைனமோவில்தான் கேட்டோம். உங்கள் பக்கமும் அப்படித்தானே. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோ வயரைக் கசற் றெக்கோடரில் கொழுவி, ஒரு ஆள் இருந்து மிதிக்க வேண்டும். எங்கள் சந்தியில் றேடியோ திருத்துகிற ஒருவர் றெக்கோடர் எரியாமல் இருக்க நடுவில் சின்னத் துண்டு ஒன்றை ஒட்டித் தந்தார். அதை விசாரணையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்கவில்லையே. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டால் குடித்தேன் என்போம். கிணற்றில் அள்ளித்தான் குடித்தேன் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா?

இப்போது சொல்லலாம் என்றால் லோயர் அம்மா விடமாட்டார். முதலில் சொல்லாததை இப்போது சொன்னால் இட்டுக்கட்டினது என்பார்களாம். புதிதாக ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறார். அவரிடம் நான் டைனமோவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அது ஒரு காரணம். மற்றக் காரணம் ரோய்.

அதற்கு அக்காவிலிருந்து சொல்ல வேண்டும். அக்கா மனோகரி. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். பள்ளிக்கூடம் சங்கானைப் பக்கம். அங்கே போய்வர மிதிப்பாள். வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எனக்காக மிதிப்பாள். வளவுக்குள் வெட்டியிருந்த பங்கர் வாசலில் முருங்கைக்குக் கீழே சைக்கிளை நிறுத்துவோம். நான் றெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். கசற் மாமா கப்பலில் இருந்த காலத்தில் கொண்டுவந்தது. ஒரே ஒரு கசற். நான் மிதிக்கலாம்தான். ஆனால் மிதிக்கிற ஆளுக்குப் பாட்டுச் சரியாகக் கேட்காது. டைனமோ இரையும். அக்காவுக்கு இசையில் பெரிய நாட்டமில்லை. அதனால் அந்த வேலை அவளுக்குப் பொருத்தமாக இருந்தது. அவளும் ஒன்றும் சொன்னதில்லை.

சொல்லாமலும் இல்லை. பகிடிதான் விடுவாள்.

“உன்ரை வெள்ளையனுக்கு என்னடா கவலை? இந்த அழுகை அழுறான்.”

“பெஞ்சாதி விட்டிட்டுப் போட்டாளாம் அக்கா. ரெயின் ஏறிப் போட்டாளாம்.”

“ரெயின் ஓடுதே அங்கை? குடுத்து வைச்சவள்.”

அம்மா குசினிக்குள் இருந்து கத்துவாள். “எடியே, பொழுதுபட முந்தி நிப்பாட்டுங்கோ. அவங்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் குண்டு போடுறாங்களாம்.”

“மேலை போறவனுக்கு உன்ரை தம்பியின்ரை பாட்டுக் கேக்குமோ அம்மா? கேட்டா அவனும் அழுது கொண்டு திரும்பிப் போடுவான்.” மாமாவைச் சொல்கிறாள். கசற்றைக் கொண்டுவந்த பழி எப்போதும் மாமாவுக்குத்தான்.

இதில் ஒரு பாட்டு. ரெயின் ஏறிப் போன பாட்டு. இரண்டு சரணம் பாடி முடிய மவுத் ஓர்கன் வரும். ஒரே சுரம். மூச்சு விடாமல் இழுத்துக்கொண்டே போவார்கள். தூரத்தில் தொடங்கிக் கிட்ட வருகிற மாதிரி. அது என்ன மாதிரி என்று உங்களுக்குச் சொன்னால் விளங்கும். சகடை. அந்தக் குண்டு போடுகிற பிளேன் பண்டத்தரிப்புப் பக்கமாகத் திரும்பி வருகிறபோது, முதலில் அது சத்தமே இல்லை, காதுக்குள் ஒரு கனம். பிறகுதான் இரைச்சல். அந்த மவுத் ஓர்கனும் அப்படித்தான்.

அந்த இடம் வந்ததும் அக்காவின் கால் தளரும். நிற்காது, தளரும். தலையைச் சரித்து மேலே கேட்பாள். கால் தளர்ந்தால் கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் பாட்டு இழுபடும். மவுத் ஓர்கன், கிட்டார், மேளம், வில்ஃப் கரிட்டியின் குரல் எல்லாம் ஒன்றாகக் கீழே கீழே இறங்கும், கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. பிறகு அவள், இல்லை, பாட்டுத்தான் என்று நிச்சயமானதும் எட்டி மிதிப்பாள். எல்லாம் ஒன்றாக மேலே வரும். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில். ஐந்து வருஷமும்.

“மெதுவாய் மிதியாதை அக்கா. பாட்டுப் பழுதாப் போகுது.”

“பொறடா. அதுவோ இதுவோ எண்டு பாக்கிறன்.”

“அது மவுத் ஓர்கன்.”

“நேற்றும் மவுத் ஓர்கன்தான். இண்டைக்கும் மவுத் ஓர்கனாத்தான் இருக்கும் எண்டு ஆர் உனக்கு எழுதித் தந்தது?”

எனக்குக் கோபம்தான் வரும். அவ்வளவு நல்ல பாட்டு. நல்ல இடத்தில் கெடுத்துவிடுகிறாளே என்று இருக்கும். ஆனால் பழகிவிட்டது. பாட்டே அப்படித்தான் என்று எனக்குள் இறங்கிவிட்டது. தனியாகப் பாடும்போதும் அந்த இடத்தில் நான் இழுபட்டுத்தான் பாடுவேன்.

ஒரு நாள் அந்த இடம் வந்தது. அக்காவின் கால் தளர்ந்தது. பாட்டு இறங்கியது. நான் எரிச்சலோடு அவளைப் பார்த்தேன். அவள் காலை எடுத்துவிட்டாள். பாட்டு நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

அந்த ஒரு கணத்தை நான் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை அண்ணை. பாட்டு இல்லை. மவுத் ஓர்கன் மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. றெக்கோடர் என் மடியில் செத்துக்கிடக்கிறது. நான் அதைக் குனிந்து பார்க்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று அதற்குள் தேடுகிறேன். அக்கா என் தலைமயிரில் பிடித்து இழுத்தாள். பங்கருக்குள் விழுந்தோம். விழுந்த பிறகு, கசற் அவளுடைய உடம்புக்கு அடியில் நெரியப் போகிறதே என்று அவளைத் தள்ளினேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் புத்தி இருந்ததைப் பாருங்கள். கசற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டு கோயில் கேணிப் பக்கம் விழுந்தது. எங்கள் முருங்கை முறிந்து சைக்கிளின் மேலே கிடந்தது. அக்கா ஒருமாதிரி நொண்டிக்கொண்டு போய் டைனமோவைத் துடைத்துப் பார்த்தாள். “நாளைக்கும் உன்ரை வெள்ளையன் அழலாம்” என்றாள்.

அக்கா இப்போது சாவகச்சேரிப் பக்கம் என்று கடைசியாகக் கேள்விப்பட்டேன். கசற்றும் அவளிடம்தான். இடம்பெயர்ந்தபோது நான் வேறு பாதை, அவள் வேறு பாதை. கன நாளாகக் கதை ஒன்றும் இல்லை.

சரி, ரோய். நான் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. தரை துடைக்கும்போது பாடுவேன். எனக்குப் பயம் வந்தால் பாட்டு வரும். இந்தப் பதில் வந்ததிலிருந்து பயம் இல்லாத நேரம் இல்லை. அதனால் எப்போதும் பாட்டுத்தான். ரோய் தன்னுடைய வானுக்கு டீசல் அடித்துவிட்டு உள்ளே வந்தார். நான் இரண்டாம் சரணம் முடிந்து, வாயால் மவுத் ஓர்கன் ஊதி, அந்த இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் இந்த மனிதர் முகம் வெளுத்து நிற்கிறார். பொலிஸ் என்று நினைத்துத் தரை துடைக்கிற தடியை நழுவ விட்டுவிட்டேன்.

“அதை எங்கே கேட்டாய்?” என்றார்.

“எதை?”

“அந்த இடத்தில் கீழே போகிறதை. அது இசைத்தட்டில் இல்லை.”

இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும் அண்ணை. இல்லை, தெரியும், ஆனால் யாராவது அதைக் கவனிப்பார்கள் என்று தெரியாது.

நீங்கள் இந்தக் கிழவர்களைப் பார்க்க வேண்டும். ஒரு பப்பின் பின்னறையில் மாதத்தில் ஒருநாள் கூடுவார்கள். வில்ஃப் கரிட்டியைப் பற்றி மட்டும் கதைப்பார்கள். நோர்மன் என்று ஒருவர், ரெயில்வேக்காரருடைய கிளப் ஒன்றில் வில்ஃபின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று ஒரு காது போனவர். அந்தக் காதைத் தொட்டுக் காட்டி, இது வில்ஃப் எடுத்தது என்பார், ஏதோ பதக்கம் மாதிரி. டொறீன் என்று ஒரு அம்மா. பெட்டையாக இருந்தபோது மேடைக்குப் பின்னால் வில்ஃபின் சட்டைக்குப் பொத்தான் தைத்தவ. வில்ஃப் குனிந்து நூலைத் தன் பல்லால் கடித்தாராம். அதை எல்லாக் கூட்டத்திலும் சொல்வா. எல்லாக் கூட்டத்திலும் நோர்மன், “கடித்தது நூலை மட்டும்தானே டொறீன்?” என்பார். எல்லாரும் புதிதாகக் கேட்கிற மாதிரிச் சிரிப்பார்கள். ரோய் பதினாறு வயதில் அந்த இசைத்தட்டை வாங்கின அன்றைக்கே அவருடைய தம்பி அதன் மேல் ஏறி இருந்து உடைத்துவிட்டானாம். இரண்டு வருஷம் தம்பியோடு கதைக்கவில்லை. சண்டை தீர்ந்து சேர்கிறதற்கு முன்னால் தம்பி மோட்டார் சைக்கிளில் செத்துப்போனான். அதைச் சொல்கிறபோது மட்டும் யாரும் பகிடி விடமாட்டார்கள்.

இவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. அந்தப் பாட்டை முதலில் வேறு மாதிரி ஒருமுறை பதிவு செய்தார்களாம். மவுத் ஓர்கன்காரனுக்கு மூச்சு முட்டிப்போய் அவன் தளர, அவனை விட்டுவிடாமல் மற்ற எல்லாரும் அவனோடு சேர்ந்து தளர்ந்தார்களாம். அந்த நாடா பிறகு காணாமல் போய்விட்டதாம். ஒருவரும் கேட்டதில்லை. ரோய் முப்பது வருஷமாக அதைத் தேடுகிறார்.

என்னைக் கூட்டிப்போய்ப் பாட வைத்தார். பாடினேன். மூன்று பேரும் கண்ணைத் துடைத்தார்கள். “கேட்டாயா, முழு ஆட்களும் ஒரே மூச்சில் இறங்குகிறார்கள்” என்றார் ரோய். “வருஷக்கணக்காக ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் படுத்தவர்களால்தான் இப்படி இறங்க முடியும்.” எனக்குச் சைக்கிள் மிதிக்கிற அக்காவின் செருப்புத்தான் மனதில் தெரிந்தது. நீல வார். ஒரு பக்கம் தைத்தது.



நோர்மன்தான் மெதுவாக, “இது றெக்கோடர் இழுபட்ட மாதிரி இல்லையா ரோய்?” என்றார். ரோய், “உனக்கு இருக்கிறதே ஒரு காது” என்றார். அன்றைக்கு முழுக்க இருவரும் கதைக்கவில்லை. அந்தக் கிழவருக்கு, வில்ஃபுக்கே, ரோய் ரெலிபோன் எடுத்தார். கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறாராம், ஞாபகம் குறைவு. அப்படி ஒரு பதிவு இருந்ததா என்று கேட்டதற்கு, இருந்திருக்கலாம், நான் அந்த வருஷம் முழுக்கக் குடிவெறியில் இருந்தேன் என்றாராம். ரோய்க்கு அது போதும்.

கசற் எங்கே என்றார். அக்காவிடம் என்றேன். அது பொய் இல்லைத்தானே? என்னைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். ரோய் மேசையில் அடித்து, “டேவ் எங்கேயும் போக மாட்டான்” என்றார். என்னை டேவ் என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு உள்ளே வந்து, இவன் சொல்கிற பாட்டெல்லாம் உண்மை, இவனைப் போல அந்த இசையைத் தெரிந்தவன் இந்த நாட்டிலும் இல்லை என்று சொல்லப் போகிறார். அதற்காகக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தம்பியின் சாவீட்டுக்குப் பிறகு இப்போதுதான் கட்டினேன் என்றார்.

இப்போது என்னுடைய பயம் விளங்குகிறதா அண்ணை? உள்ளே கேட்பார்கள், கரண்ட் இல்லாமல் எப்படிக் கேட்டாய் என்று. அக்கா மிதித்தாள் என்று சொன்னால், ரோய் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். காணாமல் போன பதிவும் இல்லை, மூச்சு முட்டினவனும் இல்லை, ஒரு பெட்டையின் கால் தளர்ந்தது மட்டும்தான் என்று அவருக்கு விளங்கிவிடும். எழும்பிப் போய்விடுவார். முப்பது வருஷம் தேடின மனிதர், போகாமல் என்ன செய்வார்? எனக்கு இந்த ஊரில் அவரை விட்டால் சாட்சி யார்?

அதனால் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது, அதில் கேட்டோம் என்று சொல்லப் போகிறேன். ஜெனரேட்டர் என்றால் வெள்ளைக்காரருக்கு உடனே விளங்கும். சைக்கிள் மிதித்துப் பாட்டுக் கேட்டது என்றால் யார் நம்புவார்கள்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மண்ணெண்ணெய்க்கு எங்கே போனாய் என்று கேட்பார்களா? தேத்தண்ணிக் கோப்பையால் அளந்தது என்று நான்தான் சொன்னேன். ஓம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பணக்காரர் என்று சொல்லலாம். பணக்காரர்கள் எங்கேயும் இருப்பார்கள்தானே. அவர்கள் கொழும்புக்குப் போய்வந்தவர்கள் என்று… இல்லை, கொழும்பைச் சொல்லக் கூடாது. கொழும்பு என்ற சொல்லே வரக் கூடாது.

ரோய் வருகிறார். கதைக்காதீர்கள்.

தாங்க் யூ ரோய். இவர் என்னுடைய ஊர்ப் பக்கம். ஓம், ஓம், அவருக்கும் இன்றைக்குத்தான். அண்ணை, தேத்தண்ணி உங்களுக்கும் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். எடுங்கள். சீனி போட்டிருக்கிறார்.

அவருக்கும் பயமாக இருக்கிறதாம். அந்தப் பாட்டை முணுமுணுத்தால் சரியாகிவிடும் என்கிறார். நான் தொடங்கட்டுமாம். இங்கேயா? வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மெதுவாகத்தான். இரண்டாம் சரணத்திலிருந்து. அவரும் கூடச் சேர்கிறார், பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு. இனி மவுத் ஓர்கன். இழுக்கிறேன்…

பொறுங்கள்.

அது என்ன?

இல்லை, அது. கேட்கிறதா? கீழேயிருந்தா, மேலேயிருந்தா? கனமாக… வருகிறது. அண்ணை, கிட்ட வருகிறது.

…

தரை மினுக்குகிற மெசினாம். ரோய் சொல்கிறார். கீழ் மாடியில் ஒரு ஆள் தள்ளிக்கொண்டு போனதைத் தேத்தண்ணி வாங்கும்போது பார்த்தாராம். மெசின்தான். சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். நீங்கள் தேத்தண்ணியைக் கோட்டில் ஊற்றிக்கொண்டீர்கள் அண்ணை, துடையுங்கள். அங்கே பாருங்கள், அந்த மூலையில் இருக்கிற அம்மா, பிள்ளையைக் கதிரைக்கு அடியில் தள்ளிவிட்டா. பிள்ளையும் ஒன்றும் கேட்காமல் போய் இருக்கிறது. அந்த இரண்டு பெடியன்களும் எழும்பி நிற்கிறார்கள். எல்லாரும் முகட்டைத்தான் பார்க்கிறோம்.

ரோய் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எங்களைப் பார்க்கிறார். உங்களை, அந்த அம்மாவை, கதிரைக்கு அடியில் இருக்கிற பிள்ளையை. என்னைப் பார்க்கிறார். “டேவ், அந்த இடத்தில்தான் நின்றாய்” என்கிறார். ஓம், நின்றுவிட்டேன். சொறி ரோய். “இல்லை. அந்தப் பாட்டில் இறங்குகிற இடம். அதே இடம்.”

அண்ணை, கேட்கிறார். அந்த இடத்தில் முதலில் யார் நிறுத்தினது என்று கேட்கிறார். என்ன சொல்ல? லோயர் அம்மாவையும் காணவில்லை.

மை சிஸ்டர் என்றேன். வாய் சொல்லிவிட்டது. எதை நிறுத்தினாள் என்கிறார். நான் ஜெனரேட்டர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அண்ணை, சத்தியமாக. ஆனால் அந்த மெசின் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அது போகும்போது என்னால் யோசிக்க முடியவில்லை. கால் என்று சொன்னேன். சைக்கிள் என்று சொன்னேன். கையால் மிதித்தும் காட்டிவிட்டேன். பிளேன் என்றேன். எல்லாம் போய்விட்டது.

முகத்தைப் பாருங்கள். சிவந்துவிட்டது. கோபம்தானே? முப்பது வருஷம். கழுத்துப்பட்டியைப் பிடிக்கிறார், கழற்றப் போகிறார். இல்லை, இறுக்குகிறார். எழும்பவில்லை. தலையைச் சரித்து மேலே பார்க்கிறார். மெசினும் நின்றுவிட்டது, இவர் என்னத்தைக் கேட்கிறார்?

அண்ணை, ஏன் போகாமல் இருக்கிறார்?

கதவு. என்னுடைய பெயர்தான். ஓம், அது என்னுடைய பெயர்தான், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ரோய் எனக்கு முன்னால் எழும்பிவிட்டார். லோயர் அம்மாவும் வந்துவிட்டா, அவவை மறித்து வைத்துக்கொண்டு சைக்கிள், சைக்கிள், உள்ளே இதைத்தான் சொல்ல வேண்டும் என்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்கிறார் அண்ணை. கால் வரவில்லை. கொஞ்சம் பிடித்து விடுங்கள்.